மேசைதான் நகர வேண்டும்

மின்சார மெழுகுவர்த்திகள் புதன்கிழமை வந்தன. அட்டைப் பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே, இரண்டு. வெள்ளை பிளாஸ்டிக் தண்டு, உச்சியில் சுடர் வடிவத்தில் ஒரு பல்ப். இல்லத்தின் மேலாளர் அடெல்ஸ்பெர்கர் அவற்றைச் சாப்பாட்டுக் கூடத்தின் நடு மேசையில் வைத்து ஒயரைச் சுவரில் செருகினார். பல்புகள் மினுங்கின. நிஜச் சுடர் போல நடுங்கும்படி செய்திருந்தார்கள்.

"குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குது," என்றாள் இல்லத்தில் வசிக்கும் தில்லா.

யாரும் சிரிக்கவில்லை. முந்தின வெள்ளிக்கிழமை இரவு மியூனிக்கில் ஒரு யூத முதியோர் இல்லத்துக்கு யாரோ தீ வைத்திருந்தார்கள். மரப் படிக்கட்டில் பெட்ரோல். ஏழு பேர் இறந்து போனார்கள். அது 1970, பிப்ரவரி. ஹனோவரில் இருந்த இந்த இல்லமும் யூத முதியோர் இல்லம்தான். படிக்கட்டும் மரம்தான்.

திங்கட்கிழமை போலீஸ்காரர்கள் வந்து மாடி முதல் நிலவறை வரை பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அடெல்ஸ்பெர்கர் வாசல் கேட்டில் இருந்த பெயர்ப் பலகையைத் தன் கையாலேயே திருகிக் கழற்றினார். பொழுது சாயும் முன்பே தெருப்பக்கத்து ஷட்டர்களை இறக்கிவிட வேண்டும் என்றார். வீட்டுக்குள் எங்கும் நெருப்புக் கூடாது. அறைகளில் இருக்கும் தீப்பெட்டிகளை சிஸ்டர் சந்திராவிடம் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு இந்த பல்புகள்.

ரெஹா ப்ளும் பல்புகளைப் பார்க்கவில்லை. தெருப்பக்கத்து நடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் விளிம்புப் பலகை அவளுடையது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது ஷாபஸ் தொடங்கும், ஓய்வுநாள். அதற்கு முன் பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்களைக் கையால் மூடி, ஆசி சொல்ல வேண்டும். மற்றப் பெண்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு தகரத் தட்டின் மேல் ஏற்றினார்கள். ரெஹா மட்டும், இங்கே வந்த நாளிலிருந்து, தன் இரண்டு பித்தளைத் தண்டுகளை ஜன்னல் பலகையில் வைத்து ஏற்றினாள். திரையை ஒதுக்கிவிட்டு. தெருவில் போகிறவன் பார்க்கட்டும் என்று.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இந்த வீட்டில் ஏன் என்று கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

பதில் பெரியதல்ல. ரெஹா இதே ஊரில் சட்டைத் துணி வெட்டும் வேலை பார்த்தவள். போர்க்காலத்தில் அவள் கணவரை ரீகா முகாமுக்குப் போன ரயிலில் ஏற்றினார்கள். அவளை ஒரு பழைய வாடிக்கையாளர் ஊருக்கு வெளியே தன் தோட்டத்துக் குடிசையில் ஒளித்து வைத்தார். இரண்டு குளிர்காலம். வெளிச்சம் வெளியே தெரிந்தால் அவளுக்கும் அவருக்கும் கதை முடிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் கரிவாளிக்குள் ஒரு மெழுகுத் துண்டை நிறுத்துவாள். மேலே சாக்கைப் போர்த்தி, தலையையும் சாக்குக்குள் நுழைத்துக்கொண்டு ஆசி சொல்வாள். கரித்தூள் மூக்கில் ஏறும். தும்மக் கூடாது. போர் முடிந்த வாரம் அந்த வாளியைக் கால்வாயில் எறிந்தாள். இனி ஏற்றினால் ஊர் பார்க்க ஏற்றுவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அதற்கு முன்னால் அவள் அப்படியொன்றும் பக்திக்காரி அல்ல.

அவள் மேலாளரின் அறைக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டில் விரித்திருந்தது. தீச்செய்தி வந்ததிலிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். வாசல் கூடத்தில் நான்கு மணல் வாளிகளை அவரே சுமந்து வந்து வைத்திருந்தார். அடெல்ஸ்பெர்கர் போருக்கு முன் பொலிவியாவுக்குத் தப்பியவர், பிறகு திரும்பியவர். கடவுளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

தன் ஜன்னல் ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். அவர் ஒரு ஜன்னல் திறந்திருப்பதும் எல்லாம் திறந்திருப்பதும் ஒன்றுதான் என்றார். பின்பக்கத் தோட்டத்து ஜன்னலில் வைக்கலாமா என்று அவரே கேட்டு, பிறகு தலையை ஆட்டி, இல்லை, நெருப்பே வேண்டாம் என்றார்.

"பின்பக்கம் யார் பார்ப்பா? முயலா?" என்றாள் ரெஹா.

"ஃப்ராவ் ப்ளும், யாரும் பார்க்க வேண்டாம்னுதான் நான் பாடுபடறேன்."

"நான் பார்க்கட்டும்னு பாடுபடறேன்."

அவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். தூக்கம் இல்லாத கண்கள். அவள் வெளியே வந்துவிட்டாள். சண்டை போடுகிற ஆள் ஓய்ந்து உட்கார்ந்திருந்தால் அவளுக்குக் கை வராது.

மாடியில் பிரார்த்தனை அறையில் ஹிர்ஷ் கோல்ட்பார்ப் இருந்தார். போலந்தில் லோட்ஸ் ஊர்க்காரர், தோல் வியாபாரம் செய்தவர். இல்லத்துக்கென்று ரப்பி, அதாவது யூத மதகுரு, கிடையாது. நகரத்து ரப்பி எப்போதாவது வருவார். மற்ற நாளில் பிரார்த்தனை நடத்துவதும், சமையலறையில் பால் பாத்திரமும் இறைச்சிப் பாத்திரமும் கலக்காமல் பார்ப்பதும், எல்லாரையும் திட்டுவதும் கோல்ட்பார்ப்தான். ஜெர்மன் யூதர்களுக்கு மதம் தெரியாது என்பது அவர் கட்சி. போலந்து யூதர்களுக்கு நாசூக்கு தெரியாது என்பது தில்லாவின் கட்சி. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கட்சியும் கூடும்.

ரெஹா அவரை நம்பித்தான் போனாள். இவ்வளவு கறாரான மனிதர் பல்பை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவர் கிழிந்த பிரார்த்தனைப் புத்தகம் ஒன்றுக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தார். பல்பை வைத்து ஆசி சொல்லலாம் என்று சொன்ன ரப்பிகள் உண்டு என்றார், தலை நிமிராமல். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். தான் ரப்பி இல்லை, தோல் வியாபாரி என்றார்.

"அப்ப என் ஜன்னல்?"

கோல்ட்பார்ப் பசைத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஜன்னல் எங்கேயிருந்து வந்தது? எந்தப் புத்தகத்தில இருக்கு?"

தெருவுக்குக் காட்டி ஏற்றுவது ஹனுக்கா விளக்கு என்றார். அது குளிர்காலப் பண்டிகை, அதை வாசலில் வைக்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும். ஷாபஸ் விளக்கு தெருவுக்கு அல்ல, வீட்டுக்கு. சாப்பிடுகிற இடத்தில் இருக்க வேண்டும். இருட்டில் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்ளாமல், சண்டை இல்லாமல் சாப்பிட வேண்டும், அதற்குத்தான். அந்த வெளிச்சத்தில் சாப்பிடாவிட்டால் ஆசியே வீண்.

"வந்த நாளா ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டிருக்கீங்க. யெக்கே வேலை," என்றார். ஜெர்மன் யூதர்களை போலந்துக்காரர்கள் அப்படித்தான் கேலியாகச் சொல்வார்கள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்கலையே."

ஹனுக்கா விளக்கைக்கூட, ஆபத்துக் காலத்தில் உள்ளே மேசையில் வைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறது என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் சட்டமெல்லாம் விலகி நிற்கும், அதுவே சட்டம். மேலாளர் சொல்வது சரி.

ரெஹாவுக்கு முகம் சூடாகிவிட்டது. அவரிடம் ஒருபோதும் சொல்லாததைச் சொன்னாள். வாளியை, சாக்கை, தும்மலை. சொல்லி முடித்துவிட்டு, "நான் சாக்குக்குள்ள தலையை விட்டு ஆசி சொன்னப்ப உங்க புத்தகம் எங்கே இருந்தது?" என்று கேட்டாள்.

"எரிஞ்சுக்கிட்டிருந்தது," என்றார் கோல்ட்பார்ப்.

அவர் மறுபடி தூரிகையை எடுத்தார். பசை காய்ந்து போயிருந்தது. அவள் கதவைச் சாத்தாமல் இறங்கி வந்தாள்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் சந்திரா தீப்பெட்டி வாங்க வந்தாள். திருச்சிப் பக்கத்துக்காரி, நாற்பதை நெருங்கியவள். ஜெர்மனிக்கு வந்து பல வருஷம். மருந்து கொடுத்தால் விழுங்கும் வரை எதிரில் நிற்பவள். இல்லத்தில் மேலாளருக்குப் பயப்படாத ஆண்கள்கூட சந்திராவுக்குப் பயப்படுவார்கள்.

ரெஹா ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு?"

"இல்லை."

சந்திரா அலமாரியைத் திறந்து, கையுறைகளுக்குக் கீழே இருந்து இன்னொரு பெட்டியை எடுத்தாள். பித்தளைத் தண்டுகள் இரண்டும் பக்கத்தில் இருந்தன. அவற்றைத் தொடவில்லை.

"என் வீட்டில நீங்க இப்படித் திறந்தா நான் சும்மா இருப்பேனா?" என்றாள் ரெஹா.

"என் வார்டு இது, ஃப்ராவ் ப்ளும். எரிஞ்சா உங்களைத் தூக்கிட்டு மாடிப்படி இறங்கறது நான். நீங்க அறுபத்தெட்டு கிலோ."

"அறுபத்தஞ்சு."

"திங்கட்கிழமை எடை பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு சந்திரா போனாள்.

ரெஹா இருட்டில் உட்கார்ந்து யோசித்தாள். நெருப்புக்கு வழி இருந்தது. தில்லா தோட்டத்தில் சிகரெட் பிடிப்பவள், அவளிடம் லைட்டர் உண்டு. வீட்டுக்குள் அதைக் கொண்டு வரமாட்டேன் என்று சத்தியம் செய்து வைத்திருந்தாள், கோட்டுப் பையிலேயே கொண்டு வருவாள். சிக்கல் ஷட்டர்தான். மரப் பட்டிகளாலான பழைய ஷட்டர், ஜன்னலுக்கு வெளியே சுருண்டு இறங்கும். உள்ளே சுவரோரம் தொங்கும் கெட்டியான நாடாவை இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். ஷட்டர் மேலே இருக்கும்போது நாடாவை வெட்டிவிட்டால் யாராலும் அதை இறக்க முடியாது என்று கணக்குப் போட்டாள். அவளிடம் துணி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. எத்தனையோ ஆயிரம் சட்டை வெட்டிய கத்தரிக்கோல்.

ஒரு நாடாதானே.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் கண்ணயரும் நேரம். கூடத்தில் யாரும் இல்லை. மூன்று ஷட்டர்களும் மேலே இருந்தன. வெளியே பனி பெய்து நின்றிருந்தது. ரெஹா நடு ஜன்னலின் நாடாவை இடது கையில் பிடித்து, தோள் உயரத்தில் கத்தரியை வைத்தாள். பழைய நாடா, தடிமன். இரண்டு கையாலும் அழுத்தினாள்.

வெட்டத் தெரிந்தவள்தான். ஆனால் சட்டைத் துணி எதையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. இந்த நாடாதான் ஷட்டரை மேலே பிடித்துக்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

நாடா அறுந்ததும் ஷட்டர் மொத்தமாக விழுந்தது. மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு பட்டியும், துப்பாக்கிகள் வரிசையாகச் சுட்ட மாதிரி. கூடம் பாதி இருண்டது. சுவர்க் காரை உதிர்ந்தது.

பிறகு சத்தமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு பேர் இருக்கும் வீட்டில் ஒருவரும் கத்தவில்லை. என்ன என்று கேட்கவில்லை. கதவு திறக்கவில்லை. எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்த மௌனம் தெரியும். குடிசையில் அவள் அதற்குள்தான் இருந்தாள்.

கத்தரிக்கோலோடு நடைவழிக்கு வந்தாள். கோல்ட்பார்ப் தரையில் குப்புறப் படுத்திருந்தார். கைகள் இரண்டும் பிடரியின் மேல் கோத்திருந்தன. முகம் தரையோடு. ஒரு செருப்பு கழன்று தள்ளிக் கிடந்தது. பிரார்த்தனைக்குப் போடும் வெள்ளைச் சட்டை, வெள்ளிக்கிழமைக்கென்று இஸ்திரி போட்டது.

"ஷட்டர்தான்," என்றாள் ரெஹா. "ஹெர் கோல்ட்பார்ப், ஷட்டர்."

அவர் எழவில்லை. அவள் அவர் பக்கத்தில் முட்டி போட்டாள், செருப்பை எடுத்துக் காலருகே வைத்தாள். கொஞ்சம் கழித்து அவர் கையை எடுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கத்தரிக்கோலைப் பார்த்தார். சந்திரா ஓடி வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்து நாடி பிடித்தாள். அடெல்ஸ்பெர்கர் ஒரு மணல் வாளியோடு வந்து நின்றார்.

அவர் கத்தவில்லை. கூடத்துக்குப் போய் அறுந்த நாடாவைப் பார்த்தார். திரும்பி வந்து வாளியைக் கீழே வைத்தார்.

"திருப்தியா?" என்று கேட்டார். "ஷட்டர் இறங்கிடுச்சு. நான் செய்ய வேண்டியதை நீங்களே செஞ்சிட்டீங்க."

இன்னொரு முறை இப்படி நடந்தால் அவள் வேறு இல்லம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். பிராங்பேர்ட்டில் இடம் இருக்கிறது, தானே கடிதம் எழுதுவதாகவும் சொன்னார். இதை அவள் முகத்துக்கு நேரே, எல்லார் முன்னிலும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனால் அது உண்மை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

ரெஹா அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பிராங்பேர்ட்டில் அவளுக்கு ஒருவரும் இல்லை. ஹனோவரிலும் இல்லைதான். ஆனாலும் இது அவளை ஒளித்த ஊர். இங்கே ஒளியாமல் இருந்து சாக வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. கோல்ட்பார்ப்பின் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது. காலுறையில் ஒரு ஓட்டை, கட்டைவிரல் பக்கம்.

அவரைத் தரையில் கிடத்தியது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தான் மட்டுமா? ஷட்டர் விழுந்தால் ஒரு கிழவர் தரையில் படுக்கிறார் என்றால், இன்னும் எத்தனை ஷட்டர் இறக்கினால் அவர் எழுந்து நிற்பார்?

வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் அவள் எழுந்தாள். கனமான கோட்டைப் போட்டுக்கொண்டாள். தொப்பி வைத்தாள். பித்தளைத் தண்டுகளையும் இரண்டு மெழுகுவர்த்திகளையும் கோட்டுப் பையில் போட்டாள். சமையலறையில் ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடிகள் இரண்டைக் கேட்காமல் எடுத்தாள். தில்லாவின் அறைக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"எதுக்கு?" என்றாள் தில்லா.

"சிகரெட் பழகப் போறேன்."

தில்லா அவள் தொப்பியைப் பார்த்தாள், ஜாடிகளைப் பார்த்தாள். லைட்டரைக் கொடுத்துவிட்டுத் தன் கோட்டைத் தேட ஆரம்பித்தாள்.

வாசலில் இரட்டைக் கதவு. அதற்கு வெளியே அகலமான கல் மேடை, கோடையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். மேடையிலிருந்து நான்கைந்து படி இறங்கினால் சிறிய முற்றம், பிறகு தோளளவு இரும்பு வேலி, கேட், தெரு. ரெஹா மேடையில் பனியைக் காலால் ஒதுக்கினாள். தண்டுகளை வைத்தாள். காற்றுக்கு மறைவாக ஜாடிகளுக்குள் மெழுகுவர்த்திகளை இறக்கி, தண்டுகளின் மேல் பொருத்தப் பார்த்தாள், பொருந்தவில்லை. ஜாடிகளைத் தரையிலேயே வைத்துவிட்டு, தண்டுகளைப் பக்கத்தில் சும்மா நிறுத்தினாள். லைட்டர் மூன்றாவது முறை பிடித்தது.

இரண்டு சுடரும் நின்றன. அவள் கண்களை மூடி ஆசி சொன்னாள். வழக்கமாக முணுமுணுப்பாள். இன்றைக்குச் சத்தமாகச் சொன்னாள். தெருவில் டிராம் ஒன்று போனது.

கண்ணைத் திறந்தபோது பின்னால் அடெல்ஸ்பெர்கர் நின்றிருந்தார். கோட்டில்லாமல் வெறும் சட்டையோடு வந்திருந்தார். கதவுக்குள் ஒவ்வொருவராக வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"இதை உள்ளே எடுத்துட்டு வாங்க."

"ஏத்தியாச்சு. இனி நான் தொடக் கூடாது. நகர்த்தக் கூடாது, அணைக்கக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு அந்தச் சட்டம் கிடையாது."

"அப்ப அணைங்க," என்றாள் ரெஹா. விலகி நின்றாள்.

அடெல்ஸ்பெர்கர் ஒரு அடி முன்னால் வந்தார். அவருக்குக் கடவுள் இல்லை. ஆனால் ஷாபஸ் விளக்கை ஊதி அணைக்கும் யூதனாக, இந்த ஊரில், இத்தனை கிழங்களின் கண் முன்னால் குனிய அவருக்கு முதுகு வளையவில்லை. அவர் திரும்பினார்.

"சிஸ்டர் சந்திரா. நீங்க."

சந்திரா கதவருகே கைகட்டி நின்றிருந்தாள்.

"தீப்பெட்டி வாங்கச் சொன்னீங்க, வாங்கினேன்," என்றாள். "ஏத்தின விளக்கை ஊதச் சொல்லாதீங்க. அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

அப்போது கூட்டம் வழி விட்டது. கோல்ட்பார்ப் வந்தார். சட்டை மாற்றவில்லை, மார்பில் தரைத் தூசு அப்படியே இருந்தது. வேண்டுமென்றே மாற்றாமல் வந்தாரோ என்று ரெஹாவுக்குத் தோன்றியது. குளிரில் மேடைக்கு வந்து ஜாடிகளைக் குனிந்து பார்த்தார்.

"தப்பு," என்றார்.

அவர் எல்லாரையும் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னேன். ஷாபஸ் விளக்கு தெருவுக்கு இல்லை. சாப்பிடற இடத்துக்கு. சாப்பாடு உள்ளே, விளக்கு வெளியே. இவங்க சொன்ன ஆசி இப்ப வீணாக் கிடக்கு."

"கேட்டீங்களா?" என்றார் அடெல்ஸ்பெர்கர்.

"நான் முடிக்கலை." கோல்ட்பார்ப் நிமிர்ந்தார். "ஆசி வீணாகக் கூடாது. அதுவும் சட்டம். விளக்கை நகர்த்தக் கூடாது. அதுவும் சட்டம். அப்ப மேசைதான் நகரணும்."

யாருக்கும் உடனே புரியவில்லை. தில்லாவுக்குப் புரிந்தது. அவள் ஏற்கெனவே கோட்டு போட்டிருந்தாள்.

"குளிர்ல சூப் உறைஞ்சிடும்," என்றாள்.

"வேகமாக் குடிங்க."

அடெல்ஸ்பெர்கர் அவர் கையைப் பிடித்தார். தாழ்ந்த குரலில்தான் பேசினார், ஆனால் ரெஹாவுக்குக் கேட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் எல்லாம் விலகி நிற்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டார்.

"சொன்னேன்," என்றார் கோல்ட்பார்ப். "அதைத்தான் மத்தியானம் தரையில படுத்துக்கிட்டு யோசிச்சேன்."

கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினார். முற்றத்துப் பனியில் செருப்போடு நடந்து, வேலியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். கேட்டை இழுத்துச் சாத்தினார். திரும்பி வந்து, வேலி முழுசாக இருக்கிறது, கேட் மூடியிருக்கிறது, ஆகவே வேலி வரைக்கும் வீடுதான், வீட்டுக்கு வெளியேதான் ஷாபஸில் எதையும் சுமக்கக் கூடாது, இங்கே தட்டும் நாற்காலியும் தூக்கி வரலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஆண்களை அழைத்துக்கொண்டு மாடிக்குப் பிரார்த்தனைக்குப் போனார். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவில்லை.

பிரார்த்தனை முடிவதற்குள் பெண்கள், பல்புகள் இருந்த நடு மேசையை விட்டுவிட்டு, இன்னொரு நீளமான மேசையைத் தள்ளி வந்தார்கள். சந்திரா ஒரு முனையைத் தூக்கினாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எல்லாரையும் விரட்டினாள். மேசை இரட்டைக் கதவுக்குள் பாதி நுழைந்து நின்றுவிட்டது. பாதி வாசல் கூடத்துக்குள், பாதி மேடையில். அதற்கு மேல் நகரவில்லை. அது போதும் என்று முடிவாயிற்று. யார் வெளியே உட்காருவது, யார் உள்ளே என்று சண்டை வந்தது. மூட்டு வலிக்காரர்கள் வெளியேதான் உட்காருவோம் என்று அடம் பிடித்தார்கள். சந்திரா கம்பளிகளைக் கொண்டு வந்து ஒவ்வொருவர் மடியிலும் விட்டெறிந்தாள். மின்சார மெழுகுவர்த்திகள் இருட்டிய சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. ஷாபஸ் தொடங்கிவிட்டதால் அவற்றை அணைக்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

கோல்ட்பார்ப் தொப்பியும் கோட்டுமாக வெளிமுனையில் நின்று திராட்சரசக் கிண்ணத்தைத் தூக்கினார். வாயிலிருந்து ஆவி வந்தது. அவர் பாடியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டு எல்லாருக்கும் கொடுத்தார். ரெஹாவுக்கு எதிரில்தான் அவர் நாற்காலி. துண்டை நீட்டியபோது முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த தடவை கத்தரிக்கோலைத் தொடறதுக்கு முன்னால என்னைக் கேளுங்க," என்றார்.

"நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"நாடாவை வெட்டினா ஷட்டர் விழும்னு சொல்லியிருப்பேன்."

தில்லா சூப்புக்குள் சிரித்தாள். மூக்கில் ஏறி இருமினாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன என்று கேட்க, செய்தி மேசை நெடுகக் கைமாறிப் போனது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருமுறை சிரிப்பு எழுந்தது.

அடெல்ஸ்பெர்கர் மேசைக்கு வரவில்லை. கோட்டு போட்டுக்கொண்டு கேட்டருகே போய் நின்றார். முதுகு இவர்களுக்கு, முகம் தெருவுக்கு. காலடியில் ஒரு மணல் வாளி. சந்திரா ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டு போய்க் கொடுத்து, குடிக்கும் வரை எதிரில் நின்றாள்.

ரெஹா எழுந்து அவரிடம் போனாள். பிராங்பேர்ட்டுக்கு எப்போது மூட்டை கட்ட வேண்டும் என்று கேட்டாள்.

"அதை..." என்று அவர் ஆரம்பித்தார்.

"ஷாபஸ்ல வேலைப் பேச்சு கூடாது," என்று மேசையிலிருந்து கோல்ட்பார்ப் குரல் கொடுத்தார்.

அடெல்ஸ்பெர்கர் காலிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார். "உள்ளே போங்க, குளிருது," என்றார். பிறகு அவள் போகத் திரும்பியபோது, "அங்கே போய் உட்காருங்க," என்று மேசையின் வெளிமுனையைக் காட்டித் திருத்திச் சொன்னார்.

அவள் உட்கார்ந்த சற்று நேரத்தில் தெருவில் ஒரு கார் வந்தது. மெதுவானது. எதிர்ப்பக்கம் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்விளக்கின் வெளிச்சம் வேலிக் கம்பிகளின் நிழலை மேசை விரிப்பின் மேல் போட்டது.

கரண்டிகள் நின்றன. மதியம் கேட்ட அதே மௌனம். ரெஹா கோல்ட்பார்ப்பைப் பார்த்தாள். அவர் கைகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன, விரல்கள் வெளுத்திருந்தன. அவர் எழவில்லை. குனியவுமில்லை. கேட்டில் அடெல்ஸ்பெர்கர் தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், தனியாக, நேராக.

கார்க் கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒரு முகம், ஆணா பெண்ணா தெரியவில்லை. ரெஹா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கரண்டியைச் சூப்பில் விட்டு, எடுத்து, உறிஞ்சிக் குடித்தாள். நன்றாகச் சத்தம் வரும்படி. தில்லா குடித்தாள். பிறகு கோல்ட்பார்ப். பிறகு உள்ளே இருட்டிலிருந்தும் கரண்டிச் சத்தம் வர ஆரம்பித்தது. ஜாடிகளுக்குள் சுடர்கள் காற்றில் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தன.

கண்ணாடி ஏறியது. கார் போனது.

"யாரது?" என்றாள் தில்லா. தூரத்தில் இருப்பது அவளுக்குச் சரியாகத் தெரியாது.

"தெரியலை."

"நம்மளைப் பார்த்தானா?"

"பார்த்தான்," என்றாள் ரெஹா. "உப்பை இப்படித் தள்ளு."